மைக்கைத் திறக்காத பையன்

கேள்வி: என் மகனுக்குப் பதினொரு வயது, தனியார் பள்ளியில் ஆறாம் வகுப்பு. ஒன்றரை வருடமாக ஆன்லைன் கிளாஸ்தான். இரண்டு மாதமாகப் படுக்கையை நனைக்கிறான். நகம் கடிக்கிறான், யாரிடமும் பேசுவதில்லை. கிளாசில் கேள்வி கேட்டால்கூட மைக்கை ஆன் செய்வதில்லை என்று மிஸ் குறை சொல்கிறார். நாங்கள் இருப்பது லைன் வீடு. கணவர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். மே மாத ஊரடங்குக்குப் பிறகு வாரத்தில் பாதி நாள்தான் வேலை. பணத்தால் எங்களுக்குள் வாய்ச்சண்டை வரும். எந்த வீட்டில்தான் இல்லை? செல்போனையே பார்த்துப் பார்த்து இப்படி ஆகிவிட்டானா? போனைப் பிடுங்கி வைத்தால் சரியாகுமா?
- பெயர் வேண்டாம், திருப்பூர் (ஆகஸ்ட் 2021)

பதில்: போனை விடுங்கள் அம்மா. கடிதத்தில் முக்கியமான விஷயத்தை மிஸ் சொன்ன குறையாக ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். அந்த மைக்.

லைன் வீட்டில் அவன் எங்கே உட்கார்ந்து கிளாஸ் கவனிப்பான்? பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவில். நாலடி தள்ளி நீங்களும் உங்கள் கணவரும். மைக்கைத் திறந்தால் உங்கள் சண்டை வகுப்பு முழுக்கக் கேட்கும். ஒரு நாள் கேட்டிருக்கும், யாராவது சிரித்திருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அன்றிலிருந்து வீட்டு மானத்தை அந்தப் பொடியன் ஒரு விரலால் மூடி வைத்திருக்கிறான். பதில் தெரிந்தாலும் தெரியாதவன் மாதிரி உட்கார்ந்து, உங்களுக்காக மிஸ்ஸிடம் திட்டு வாங்குகிறான். நீங்கள் அவன் கையில் இருக்கிற போனைக் குற்றம் சொல்கிறீர்கள்.

எந்த வீட்டில்தான் இல்லை என்று கேட்கிறீர்கள். எல்லா வீட்டிலும் உண்டு. ஆனால் 2020 மார்ச்சுக்கு முன்னால் காலையில் வேன் ஏறினால் சாயங்காலம் வரை அவனுக்கு வேறு உலகம் இருந்தது. நீங்கள் போட்ட சண்டையில் பாதி அவன் காதுக்கே வந்திருக்காது. இந்தப் பதினேழு மாதமாக ஒன்றுவிடாமல் கேட்கிறான். செப்டம்பர் 1 முதல் பள்ளி திறப்பதும் ஒன்பதாம் வகுப்பிலிருந்துதான். ஆறாம் வகுப்புக்கு இன்னும் தேதியே இல்லை. இரவில் அவன் தூங்கிவிட்டான் என்று நினைத்து மெதுவாகத் தொடர்வீர்களே, அப்போதும் தூங்கியிருக்க மாட்டான்.

பணச்சண்டையில் அவன் ஸ்கூல் ஃபீஸும் வருகிறதுதானே? வராமல் இருக்காது. அப்படியென்றால், தன்னால்தான் அப்பாவும் அம்மாவும் அடித்துக்கொள்கிறார்கள் என்று அவன் முடிவு கட்டியிருப்பான். கொரோனாவில் வருமானம் பாதிக்கப்பட்ட பெற்றோரிடம் இந்த 2021-22 கல்வியாண்டுக்கு 75 சதவீதக் கட்டணத்தை, அதுவும் ஆறு தவணையாக வாங்க வேண்டும் என்று போன மாதக் கடைசியில்தான் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இரண்டு பேரும் பள்ளி அலுவலகத்துக்குப் போய்க் கேளுங்கள். பையன் முன்னால் ஃபீஸ் பேச்சை இன்றோடு நிறுத்துங்கள்.

படுக்கையை நனைப்பதற்கு முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். பல வருடம் நனைக்காத பிள்ளை திடீரென்று ஆரம்பித்தால் சிறுநீர்த் தொற்றோ சர்க்கரையோகூடக் காரணமாக இருக்கலாம். டெஸ்டில் ஒன்றும் இல்லையென்றால், இத்தனையும் கேட்கிற பிள்ளைக்குப் பயம் போதும். தூக்கத்தில் நடப்பதற்கு அவனைத் திட்டாதீர்கள், திட்டினால் கூடும். நனைந்த பாயை வாசல் கொடியில் போடாதீர்கள். லைன் வீட்டில் எல்லோருக்கும் ஒரே வாசல்.

உங்களை மட்டும் பொறுத்துப் போகச் சொல்கிற ஆள் நானில்லை. இதை உங்கள் கணவருக்கும் படித்துக் காட்டுங்கள். வேலை குறைந்த ஆணுக்கு வரும் அவமானம் பெரியதுதான். அதைப் பெற்ற பிள்ளையின் காதில் கொட்ட அவருக்கு உரிமை கிடையாது, உங்களுக்கும் கிடையாது. சோறு போடுவதோடு கடமை முடிந்தது என்று நினைக்கிற பெற்றோரை நான் நிறையப் பார்த்துவிட்டேன். பிள்ளை நிம்மதியாகத் தூங்க ஒரு வீடு கொடுப்பதும் அதில் சேர்த்திதான்.

சரி, இனி கிளாஸ் முடியும் வரை உங்களில் ஒருவர் வெளியே இருங்கள். சண்டை போட்டே தீர வேண்டுமென்றால் நொய்யல் கரைக்குப் போங்கள். அங்கே அடிக்கிற நாற்றத்தில் சீக்கிரம் முடிந்துவிடும். மிஸ்ஸுக்கு இன்றே போன் செய்து, "வீட்டில் சத்தம், அவன் மேல் தப்பில்லை" என்று சொல்லுங்கள். சொல்ல வெட்கமாக இருக்கும். இருக்கட்டும், இத்தனை நாள் அந்த வெட்கத்தை அவன் சுமந்தான். ஒரு மாதம் பார்த்தும் அவன் வாய் திறக்கவில்லை என்றால் 104-க்குப் பேசுங்கள், மனநல ஆலோசனை அதில் கிடைக்கும். அவனாகவே யாரிடமாவது பேச நினைத்தால் 1098 குழந்தைகளுக்கான எண், காசு கிடையாது. அதை அவனுக்குத் தெரியும்படி எழுதி ஒட்டுங்கள்.

மைக்கை ஏன் திறக்கவில்லை என்று மட்டும் அவனிடம் கேட்காதீர்கள். உங்களைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்றுதான் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருக்கிறான்.