வரிப்புல்லில் முழுப் பச்சைத் தண்டுகள் முளைப்பது ஏன்?

வெள்ளை வரி போட்ட அலங்காரப் புல் வைத்தால், நடுவே முழுப் பச்சைத் தண்டுகள் வருகின்றன, நோயா என்று கேட்டிருக்கிறீர்கள். நோய் இல்லை. இலையின் வெள்ளைப் பகுதியில் பச்சையம் கிடையாது. சமைக்காமல் உட்கார்ந்து சாப்பிடும் பகுதி அது. ஏதாவது ஒரு குருத்து பழைய பச்சைக்கே திரும்பிவிட்டால், அதுதான் அதிகம் உணவு தயாரிக்கும். மடமடவென்று வளர்ந்து வரிக் குருத்துகளை அமுக்கிவிடும்.

கண்ணில் பட்டதும் எடுத்துவிடுங்கள். மேலாக நறுக்கினால் மறுபடி துளிர்க்கும். தூரில் மண்ணை விரலால் விலக்கி, அந்தத் தண்டு கிளம்பும் இடத்தைப் பார்த்து, வேரோடு பிரித்தெடுக்க வேண்டும். கொஞ்சம் பொறுமை வேண்டிய வேலைதான்.

வெயில் விஷயத்தில் எல்லாம் ஒன்றல்ல. மிஸ்காந்தஸ் என்ற உயரமான புல் வகைகளுக்கு நல்ல வெயில் வேண்டும், நிழலில் துவண்டு சாயும். மஞ்சள் வரி போட்ட ஹகோனெக்ளோவா என்ற புல்லுக்கு அரை நிழல் போதும். உச்சி வெயிலில் இலை ஓரம் கருகிவிடும்.

அப்புறம், விதை போட்டு வரியை எதிர்பார்க்காதீர்கள். தூரைப் பிரித்து நடுங்கள். ரிப்பன் புல்லை மட்டும் தொட்டியிலேயே வையுங்கள். தரையில் விட்டால் மண்ணுக்கடியில் ஓடிப் பாத்தி முழுக்கப் பிடித்துக்கொள்ளும்.