ஓசி மருந்துன்னா மட்டமா?

கேள்வி: அக்கா, அப்பாவுக்கு 64 வயசு, எஸ்டேட்ல பால்மரம் வெட்டி அப்புறம் செம்பனைக்கு மாறுனவரு. கிளினிக்ல விரல்ல குத்திப் பாத்ததுல ஹெப்படைடிஸ் சி, அடுத்த டெஸ்ட்லயும் கிருமி இருக்குன்னு வந்துருச்சு. பெரிய ஆஸ்பத்திரில 12 வாரம் மாத்திரை, காசு வேணாங்கிறாங்க. அண்ணனோ, இதே மருந்து அமெரிக்காவுல 84,000 டாலர், சும்மா குடுக்கிறது டூப்ளிகேட்டுன்னு தடுக்கிறாரு. — வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: மொதல்ல அப்பாவ கூட்டிட்டுப் போயி மாத்திரைய ஆரம்பிக்க வைங்கம்மா, அண்ணன் கூட வாக்குவாதம் அப்புறம் வச்சுக்கலாம். இந்தக் கிருமி வலி காட்டாம வருஷக்கணக்குல ஈரல அரிச்சுக்கிட்டே இருக்கும், வயித்துல தண்ணி கட்டுன பிறகுதான் பல பேரு ஆஸ்பத்திரி வாசலுக்கே வந்து நிக்கிறாங்க.

அண்ணன் சொல்ற வெல உண்மைதான். சோஃபோஸ்புவிர்னு பேரு, 2013 கடைசில கிலியட் கம்பெனி அமெரிக்காவுல எறக்குனப்போ ஒரு மாத்திரையே 1,000 டாலர். ஆனா அது மாத்திரை செய்யற செலவு இல்லம்மா, காப்புரிமைக்கு 20 வருஷம், அதுவரைக்கும் வேற யாரும் செய்யக்கூடாது, அதனால அவங்க வச்சதுதான் வெல. அவ்ளோ காசுக்கு நம்மாளுங்க எங்க போவாங்க, வீட்ட வித்தாலும் பத்தாது. 2017 செப்டம்பர்ல மலேசிய அரசாங்கம் 1983ஆம் வருஷத்து காப்புரிமைச் சட்டத்துல 84ஆவது பிரிவ எடுத்து, கம்பெனி சம்மதம் இல்லாமலே கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்கு இந்த மருந்தோட ஜெனரிக்க, அதாவது அதே மருந்த வேற கம்பெனி செஞ்சத, வாங்கலாம்னு முடிவு பண்ணுச்சு. இந்த மருந்துக்கு அப்படி செஞ்ச மொத நாடு நாமதான். திருட்டு வேல இல்ல இது, உலக வர்த்தக ஒப்பந்தமே இதுக்கு எடம் குடுக்குது, அந்த வர்த்தக அமைப்பு நாடுகள் 2001ல வெளியிட்ட தோஹா அறிக்கையும் அத உறுதியா சொல்லுது. 2003லயே எச்ஐவி மருந்த இப்படித்தான் இந்தியாவோட சிப்லா கம்பெனிகிட்ட வாங்குனோம். எனக்கு இதுல ரொம்பப் பெருமை, சொல்லாம இருக்க முடியல.

முன்னாடி இந்த நோய்க்கு இன்டர்ஃபெரான் ஊசி, பல பேருக்கு 48 வாரம், காய்ச்சலும் ஒடம்பு வலியுமா பாதியிலயே விட்டவங்க எத்தனையோ பேரு. இப்ப மாத்திரைதான், நூத்துக்கு 95 பேருக்கு மேல கிருமி போயிடுது. அப்பா வேற என்ன மருந்து சாப்பிட்டாலும், நாட்டு மருந்தா இருந்தாலும், டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லுங்க, முக்கியமா இதயத்துடிப்புக்கு அமியோடரோன் எடுக்கிறாரான்னு பாருங்க. முடிச்சு 12 வாரம் கழிச்சு ஒரு டெஸ்ட் இருக்கு, அதுக்கும் போகணும். இந்தக் கிருமி ரத்தம் வழியாப் பரவும், அதனால அவரு ஷேவ் பண்ற பிளேட வேற யாரும் தொட வேணாம்.

கேள்வி: காப்புரிமை உள்ள கம்பெனிய கேக்காம எல்லா நாடும் ஜெனரிக் வாங்குனா புது மருந்து யாரு கண்டுபிடிப்பா? — வாசகர், தெலுக் இந்தான்

பதில்: நல்ல கேள்வி தம்பி, ஆராய்ச்சிக்கு காசு வேணும்தான். ஆனா வெலைய ஏத்தித்தான் அந்தக் காசு வரணும்னு இல்ல. ரவிடாஸ்விர்னு இன்னொரு ஹெப்படைடிஸ் சி மருந்து, டிஎன்டிஐங்கிற லாபம் பாக்காத அமைப்பு, எகிப்து நாட்டு ஃபார்கோ கம்பெனி, நம்ம சுகாதார அமைச்சு எல்லாம் சேந்து கொண்டு வந்தது. மலேசியாவுலயும் தாய்லாந்துலயும் 301 பேருக்கு சோஃபோஸ்புவிரோட சேத்து குடுத்து பாத்ததுல 97 சதவீதம் பேருக்கு குணம். 2021 ஜூன்ல இங்கதான் மொதமொதலா பதிவாச்சு.

கேள்வி: பிரஷர் மாத்திரை போன தடவ வெள்ளையா இருந்துச்சு, இப்ப வேற கலரு, பெட்டி பேரும் வேற. — வாசகி, பீடோர்

பதில்: பெட்டில பெரிய எழுத்த விடுங்கம்மா, கீழ பொடி எழுத்துல இருக்கிற மருந்து பேரும் அளவும், உதாரணமா அம்லோடிபின் 5 மில்லிகிராம்னு, ரெண்டுலயும் ஒரே மாதிரி இருந்தா மருந்து ஒண்ணுதான், கம்பெனிதான் மாறியிருக்கு. MALனு (மால்) ஆரம்பிக்கிற பதிவு நம்பரும் இருக்கணும். பயப்பட வேண்டியது வேற ஒண்ணுக்கு: பழசு மிச்சமிருக்கேன்னு அதையும் புதுசையும் சேத்து போட்டா டோஸ் ரெட்டிப்பாயி தல சுத்தி விழுந்துருவீங்க. ரெண்டு அட்டையையும் எடுத்துட்டுப் போயி மருந்து கவுண்டர்ல காட்டிக் கேளுங்க.