யன்னலுக்கு உள்ளே இன்னொரு யன்னல்

கேள்வி: பிரதான வீதியோரம் எங்கள் வீடு. பழைய தேக்கு யன்னலைக் கழற்ற மனமில்லை. அதற்கு உள்பக்கமாக இரண்டாவது கண்ணாடி யன்னல் போட்டால் சத்தம் குறையுமாம். எப்படிச் செய்கிறார்கள்? இங்குள்ள அலுமினியக் கடையில் கொடுக்கலாமா?
– வாசகி, கல்லடி

பதில்: தாராளமாகக் கொடுக்கலாம். சிலைடிங் யன்னல் செய்கிறவருக்கு இது புது வேலையல்ல. பிழைப்பது பெரும்பாலும் அளவில்தான். பழைய சுவர் மூலைமட்டத்துக்கு நிற்காது. அகலத்தை மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்தில் எடுக்கவேண்டும், உயரத்தையும் அப்படியே. ஆகச் சிறிய அளவில் 5 மில்லிமீற்றர் கழித்துத்தான் வெளிச்சட்டம் வெட்டவேண்டும். மூலைக்கு மூலையும் அளக்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒத்துவராவிட்டால், முதலில் மரச்சட்டம் அடித்து இடத்தை நேராக்கவேண்டும். கோணலான சுவரோடு அலுமினியத்தை இழுத்து முடுக்கினால் சட்டம் முறுகும், யன்னலின் சிலைடிங் கதவு ஓடாது.

கண்ணாடிதான் முக்கியம். 6.38 மில்லிமீற்றர் லெமினேட் கேளுங்கள்: 3 மில்லிமீற்றர்க் கண்ணாடி இரண்டுக்கு நடுவே 0.38 மில்லிமீற்றர் பிளாஸ்டிக் படலம். வெளி யன்னலில் உள்ள அதே தடிப்பில் உள்ளேயும் போடக்கூடாது. இரண்டும் ஒரே சுருதியில் அதிர்ந்து, அந்தச் சத்தத்தை உள்ளே விட்டுவிடும். டெம்பர் கண்ணாடி (சூளையில் சூடாக்கிக் கடினமாக்கியது) என்றால் சூளைக்குப் போகுமுன் அளவு முடிவாகியிருக்கவேண்டும், பிறகு வெட்டமுடியாது.

கதவு கோப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. சட்டத்தை முடித்துவிட்டுக் கண்ணாடியைச் செருகுவதில்லை. கண்ணாடி விளிம்பைச் சுற்றி ரப்பரை மாட்டி, நாலு பக்கமும் அலுமினியத்தைத் தட்டி ஏற்றி, பிறகு மூலைகளில் ஸ்குரூ முடுக்குவார்கள். ரப்பரை இழுத்து மாட்டினால் சில மாதங்களில் சுருங்கி மூலையில் வாய் பிளக்கும். தளர்வாக வைத்து, மூலையில் ஆப்பு வடிவில் சிறு வெட்டுப் போட்டு மடிக்கவேண்டும். அடியில் நைலோன் ரொலர் இரண்டு, கதவுகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்தில் இடுக்கை அடைக்கும் மயிர்ப்பட்டி. பட்டி இல்லாத யன்னலுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

இரண்டு கண்ணாடிக்கும் இடையில் குறைந்தது 100 மில்லிமீற்றர் விடுங்கள், 150 இருந்தால் நல்லது. 9 அங்குலச் சுவரில் பெரும்பாலும் இடம் கிடைக்கும். ஹோர்னும் பேச்சும் நன்றாகக் குறையும்; பஸ் எஞ்சின் உறுமல் அந்தளவுக்குக் குறையாது. பழைய வீடென்றால் யன்னலுக்கு மேலே காற்றுத் துவாரம் இருக்குமே, அதைத் திறந்தபடி விட்டால் செலவு வீண். அடைத்தாலோ அறை புழுங்கும். ஏசி இல்லாத அறைக்கு இந்த வேலையே வேண்டாம்.

கேள்வி: போட்டாயிற்று. ஏசி ஓடும் இரவுகளில் இரண்டு கண்ணாடிக்கும் நடுவே வியர்க்கிறது. உள் யன்னல் சரியாக அடைபடவில்லையா?
– வாசகர், கல்முனை

பதில்: ஓட்டை வெளி யன்னலில் இருக்கிறது. ஏசியால் உள் கண்ணாடி குளிர்கிறது. கடற்காற்றின் ஈரம் வெளி யன்னல் இடுக்கால் புகுந்து அதில் படிகிறது. குளிர்நாடுகளில் நடப்பது நேர்மாறு: அறையின் ஈரம் கசிந்து வெளிக் கண்ணாடியில் படியும். அதனால் அங்கே உள் யன்னலை இறுக்கி, வெளியே கொஞ்சம் காற்றோட விடுவார்கள். இணையத்தில் அந்த முறையைப் பார்த்து இங்கே செய்தால் ஈரம் கூடும். வெளி யன்னல் சிறகுகளுக்கு ரப்பர் பட்டி ஒட்டுங்கள், நிலைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள வெடிப்பைச் சிலிக்கனால் அடையுங்கள். ஏசியை 26 பாகையில் வைத்தாலே பாதித் தொல்லை போகும்.

கேள்வி: கடற்கரை வீட்டுக்கு என்ன ஸ்குரூ, என்ன சிலிக்கன்?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்குரூ. சாதாரண இரும்பு ஸ்குரூ துருப்பிடிப்பதோடு, உப்பீரத்தில் சுற்றியுள்ள அலுமினியத்தையும் அரிக்கவைக்கும். சிலிக்கனில் வினாகிரி மணம் அடித்தால் திருப்பிக் கொடுங்கள். அந்த அமிலம் லெமினேட் படலத்தின் விளிம்பைக் கெடுக்கும். நியூட்ரல் வகைதான் வேண்டும். பவுடர் பூச்சுப் பூசிய பிறகே சட்டங்களை வெட்டுகிறார்கள் என்பதால் வெட்டுவாயில் பூச்சு இருக்காது. கோக்குமுன் அங்கேயும் சிலிக்கன் தடவச் சொல்லுங்கள். சீமெந்துப் பூச்சு வேலை முடியும்வரை சட்டத்தின் பாதுகாப்புத் தாளை உரிக்கவேண்டாம். ஈரச் சீமெந்து பட்ட கறை போகாது.