படம் பார்த்த பிறகு நூலை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். கோடை விடுமுறையில் 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' படங்கள் மூன்றையும் பார்த்துவிட்டு நூலைக் கேட்டாள், வாங்கிக் கொடுத்தேன். டாம் பாம்படில் என்பவர் வருகிற பகுதியோடு நிறுத்திவிட்டு, "படத்திலேயே கதை முழுவதும் தெரிந்துவிட்டதே, இதையெல்லாம் எதற்குப் படிக்க வேண்டும்?" என்று கேட்கிறாள். படம் நூலை உண்மையாகவே சொல்லிவிட்டதா? அப்படி இல்லையென்றால் அவள் எங்கிருந்து தொடர்வது நல்லது? 'தி ஹாபிட்' படங்களையும் காட்டலாமா?

பதில்: தங்கள் மகள் சொல்வது பாதி சரி. இயக்குநர் பீட்டர் ஜாக்சன் 2001 முதல் 2003 வரை வெளியிட்ட மூன்று படங்களும் நூலாசிரியர் டோல்கீன் படைத்த உலகத்தைக் கண்ணுக்கு முன்னால் கொண்டுவருவதில் பெரும் வெற்றி பெற்றவை. ஆனால் அந்த உலகத்தில் யார் எந்த முடிவை ஏன் எடுக்கிறார், ஓரிடத்தில் செய்த ஒரு சிறு செயல் வேறெங்கே போய் விளைகிறது என்ற காரண காரியத் தொடர்ச்சியைப் பல இடங்களில் அவை மாற்றியிருக்கின்றன. டோல்கீனின் மகன் கிறிஸ்டோபர் 2012-இல் பிரான்சின் 'லெ மோந்த்' நாளிதழிடம் பேசியபோது, நூலின் குடலை உருவிவிட்டு அதை இளைஞர்களுக்கான சண்டைப் படமாக்கிவிட்டார்கள் என்று கடுமையாகக் குறைகூறினார். தந்தையின் கையெழுத்துப் படிகளோடு வாழ்நாளைக் கழித்தவரின் கோபம் எனக்குப் புரிகிறது. எனினும் அந்தத் தீர்ப்பு படங்களுக்கு நியாயம் செய்யவில்லை என்பதே என் கருத்து.

எங்கே நியாயம் செய்யவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். டோல்கீனின் நூல்களுக்கு ஏற்கெனவே ஓவியம் தீட்டிப் பெயர் பெற்றிருந்த ஆலன் லீ, ஜான் ஹோவ் இருவரையும் நியூசிலாந்துக்கு வரவழைத்து, கோட்டைகளையும் ஊர்களையும் அவர்கள் கையாலேயே வரைய வைத்ததால், ஹாபிட்டுகள் என்ற குட்டை மனிதர்கள் வாழும் ஷயரும் எல்ஃபுகள் வாழும் ரிவெண்டெலும் வாசகர்கள் மனத்தில் இருந்த சாயலிலேயே திரையில் வந்தன. அதைவிட நுட்பமானது, மோதிரத்தின் வசியத்தில் மனம் இரண்டாகப் பிளந்த கோல்லம் தனக்குத் தானே வாதாடும் காட்சி. நூலில் அவனுடைய பழைய இயல்பான ஸ்மீகோல் ஒரு குரலிலும் கோல்லம் இன்னொரு குரலிலும் பேசுவதை, மோதிரத்தை அழிக்கச் செல்லும் ஃப்ரோடோவின் துணைவனான சாம் அரைத் தூக்கத்தில் ஒட்டுக்கேட்கிறான். படத்தில் சாமை விலக்கிவிட்டு, ஒரே முகத்தை இரு கோணங்களில் மாற்றி மாற்றிக் காட்டி, இரண்டு பேர் உட்கார்ந்து பேசுவதாகவே நம்மை நம்ப வைக்கிறார்கள். நூல் சொல்ல நினைத்ததைத் திரைக்கே உரிய வழியில் சொன்ன இடம் அது. ஃப்ரோடோவோடு புறப்பட்ட குழுவில் ஒருவனான போரோமிரின் இறுதிப் போரைப் பொறுத்தவரை படம் நூலையும் மிஞ்சிவிட்டது என்றே சொல்வேன். நூலில் அது நேரடியாக வருவதில்லை, அம்புகள் தைத்த உடலோடு மரத்தடியில் சாய்ந்திருப்பவனைக் குழுத்தோழன் ஆரகார்ன் வந்து பார்ப்பதிலிருந்துதான் அந்த அத்தியாயம் அவனிடம் செல்கிறது.

இனி டாம் பாம்படில். அவரைப் படத்தில் விட்டதைத் தவறென்று சொல்ல முடியாது. எவரையும் மயக்கும் மோதிரத்தின் வசியம் பலிக்காத ஒருவரை முதல் ஒரு மணி நேரத்துக்குள் அறிமுகப்படுத்தினால், மோதிரத்தைப் பற்றி அப்போதுதான் உருவாகத் தொடங்கிய அச்சம் கலைந்துபோகும். ஆனால் அவரோடு சேர்ந்து இன்னொன்றும் போய்விட்டது. நூலில் பாம்படில், பழைய கல்லறை மேடு ஒன்றிலிருந்து எடுத்த நான்கு குறுவாள்களை ஹாபிட்டுகளுக்குக் கொடுக்கிறார். அவை அங்மார் அரசனை எதிர்த்துப் போரிட்டு அழிந்த மக்கள் வடித்தவை. அந்த அரசன்தான் மூன்றாம் தொகுதியில் பறக்கும் விலங்கின் மீது வரும், பகைவன் சௌரானின் ஏவலரான நாஸ்கூல்களின் தலைவன். ஹாபிட்டான மெர்ரி அவன் முழங்காலுக்குப் பின்னால் குத்தும்போது, வேறெந்த வாளும் அவனை அப்படிக் காயப்படுத்தியிருக்காது என்று டோல்கீன் எழுதுகிறார். என்றோ மடிந்த கைவினைஞன் ஒருவனின் உழைப்பு அந்தக் கணத்தில் பலிக்கிறது. படத்திலோ வெதர்டாப் குன்றில் ஆரகார்ன் ஏதோ நான்கு வாள்களை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போகிறான். குத்து இருக்கிறது, அதன் வரலாறு இல்லை.

கதையை அடுக்கியிருக்கும் முறையிலும் பெரிய வேறுபாடு உண்டு. ஒவ்வொரு தொகுதியிலும் இரண்டு பாகங்களாக, நூல் மொத்தம் ஆறு பாகங்கள் கொண்டது. மூன்றாம் பாகம் முழுக்க ஆரகார்ன் முதலியோரைப் பற்றியது. நான்காம் பாகம் முழுக்க ஃப்ரோடோ, சாம், கோல்லம் மூவரைப் பற்றியது. படம் இரண்டையும் கலந்து, மாறி மாறிக் காட்டுகிறது. திரைக்கு அதைவிட்டால் வேறு வழியில்லைதான். ஆனால் நூலின் நான்காம் பாகம், ஃப்ரோடோ உயிரோடு பகைவரிடம் சிக்கிவிட்டான் என்ற செய்தியோடு முடிந்துவிட, ஐந்தாம் பாகத்தின் பத்து அத்தியாயங்கள் அவனுக்கு என்ன ஆயிற்று என்று சொல்லாமல் போரையே சொல்கின்றன. அந்தப் பாகத்தின் முடிவில், சௌரானின் நாட்டு வாசலான கருவாயிலுக்கு முன்னால் அவனுடைய தூதன் ஃப்ரோடோவின் மித்ரில் கவசத்தைத் தூக்கிக் காட்டும்போது, மந்திரவாதி கேண்டால்ஃபுக்குத் தெரியாதது வாசகருக்கும் தெரியாது. அந்தத் தவிப்பைப் படம் தரவே முடியாது, ஏனெனில் ஃப்ரோடோ எங்கே இருக்கிறான் என்பதைப் பார்வையாளர் சற்று முன்புதான் கண்ணால் பார்த்திருப்பார்.

மேற்சொன்னவற்றை ஊடகத்தின் கட்டாயம் என்று ஏற்றுக்கொள்ளலாம். நான் உண்மையான இழப்பாகக் கருதுவது போரோமிரின் தம்பி ஃபாராமிரிடம் நடந்த மாற்றத்தை. நூலில் அவன், நெடுஞ்சாலையில் கிடந்தாலும் அதை எடுக்க மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறான்; அது மோதிரம்தான் என்று தெரிந்த பிறகும் சோதனையைக் கடந்து, தான் சொன்ன சொல்லில் நிற்கிறான். படத்தில் ஃப்ரோடோவைக் கைதியாக ஓஸ்கிலியாத் நகர் வரை இழுத்துச் சென்ற பிறகே மனம் மாறுகிறான். எல்லோரையும் மயக்கும் மோதிரத்தை ஒருவன் எளிதாக மறுத்தால் அதன் வலிமை குறைந்து தெரியும் என்பதும், சிலந்தி ஷெலோபின் காட்சியை மூன்றாம் படத்துக்குத் தள்ளியதால் இரண்டாம் படத்தின் முடிவுக்கு ஒரு நெருக்கடி தேவைப்பட்டது என்பதும் படக்குழு தந்த விளக்கம். திரைக்கதை எழுதுகிறவரின் பார்வையில் அது சரியான வாதமே. ஆயினும் ஒரே தந்தையின் மகன்களில் மூத்தவன் மோதிரத்துக்கு மயங்கி விழுந்த இடத்தில் இளையவன் நிற்கிறான் என்பதுதான் நூலில் அந்த அத்தியாயங்களின் உயிர்நாடி.

முடிவிலும் இப்படியே. எரிமலை விளிம்பில் ஃப்ரோடோ தோற்றுப்போய் மோதிரத்தை அணிந்துகொள்வது இரண்டிலும் உண்டு. படத்தில் அவன் கோல்லத்தோடு கட்டிப்புரள, இருவரும் விளிம்பிலிருந்து விழுகிறார்கள். நூலில் மோதிரம் கிடைத்த மகிழ்ச்சியில் ஆடும் கோல்லம் தானாகவே கால் தவறி விழுகிறான். மோதிரத்தை முன்பு வைத்திருந்த பில்போவும் ஃப்ரோடோவும் கடைசியில் சாமும் அவனைக் கொல்லாமல் விட்ட இரக்கத்தின் பயன் அது, எவருடைய வீரத்தின் பயனும் அன்று. இரக்கத்தைப் பற்றிக் கேண்டால்ஃப் சொல்லும் புகழ்பெற்ற வார்த்தைகளைப் படம் ஷயரிலிருந்து மோரியாச் சுரங்கத்துக்கு அழகாக மாற்றிவைத்திருக்கிறது. வைத்தவர்களே அதன் விளைவைச் சற்று மங்கலாக்கிவிட்டது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. மோதிரம் அழிந்த பிறகும் நூலில் ஆறு அத்தியாயங்கள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றில் ஹாபிட்டுகள் ஊர் திரும்பும்போது, கெட்டுப்போன மந்திரவாதி சாருமானின் ஆட்கள் ஷயரைப் பிடித்து, மரங்களை வெட்டி, மக்களை அடக்கி வைத்திருக்கிறார்கள். மெர்ரியும் பிப்பினும் ஊரைத் திரட்டிப் போரிடுகிறார்கள். ஃப்ரோடோவோ வாளை உருவாமல், வீணாக எவரையும் கொல்லக் கூடாது என்று தடுத்துக்கொண்டே இருக்கிறான். தொடக்கத்திலிருந்தே எண்ணியிருந்த இன்றியமையாத பகுதி அது என்று டோல்கீன் இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் எழுதியிருக்கிறார். 11 ஆஸ்கர் விருதுகளைப் பெற்ற மூன்றாம் படத்தில் அதற்கு இடமே இல்லை. ஷயர் விட்டுச்சென்ற நிலையிலேயே பச்சைப் பசேலென்று இருக்கிறது.

எனவே தங்கள் மகளிடம், கதை தெரியும் என்பதற்காக நிறுத்த வேண்டாம் என்று சொல்லுங்கள். ஆனால் தேங்கிய இடத்திலேயே அவளை உட்கார்த்தி வைக்கவும் வேண்டாம். முதல் பாகத்தின் 6, 7, 8-ஆம் அத்தியாயங்கள்தான் பாம்படில் வரும் பகுதி. அவற்றுள் ஆறையும் ஏழையும் இப்போதைக்குத் தாண்டலாம். எட்டாவதைக் குறுவாள்களுக்காகப் படித்துவிட்டு, பிரீ ஊர் விடுதியில் தொடங்கும் ஒன்பதாவதிலிருந்து தொடரட்டும். அங்கிருந்து கதை வேகம் பிடிக்கும். இரண்டாம் பாகத்தில் ரிவெண்டெல் தலைவர் எல்ராண்டின் ஆலோசனைக் கூட்டம் மிக நீண்ட உரையாடல். இரண்டு மூன்று நாள்களுக்குப் பிரித்துப் படித்தால் அலுக்காது. நூல் முழுவதையும் படிக்க மனமில்லை என்று அவள் பிடிவாதமாகச் சொன்னால், நான்காம் பாகத்தை மட்டுமாவது படிக்கச் சொல்லுங்கள். படம் அதிகமாக மாற்றியதும் நூலில் எனக்குச் சிறப்பாகத் தோன்றுவதும் அதுதான்.

நீட்டிக்கப்பட்ட பதிப்புகளைப் பார்த்தால் நூலைப் படித்ததற்குச் சமம் என்று சிலர் சொல்வார்கள். மூன்றாம் படம் திரையரங்கில் 201 நிமிடம் ஓடியது. நீட்டிக்கப்பட்ட பதிப்பு நான்கு மணி நேரத்தையும் தாண்டும். சாருமானின் முடிவும் கருவாயில் தூதனும் அதில்தான் வருகிறார்கள். ஆனால் ஃபாராமிர் அதிலும் ஓஸ்கிலியாத்துக்குத்தான் போகிறான், ஷயரும் அதே பச்சையோடுதான் இருக்கிறது.

'தி ஹாபிட்' விஷயத்தில் வரிசையை மாற்றுங்கள்: முதலில் நூல், பிறகு வேண்டுமானால் படம். 1937-இல் சிறுவர்களுக்காக வெளிவந்த அந்த ஒற்றைச் சிறு நூலை 2012 முதல் 2014 வரை மூன்று படங்களாக இழுத்தார்கள்; இடத்தை நிரப்ப டாரியேல் என்ற பாத்திரத்தைப் புதிதாகப் படைத்தார்கள், அந்த நூலில் இல்லாத, பெரிய நூலில் வருகிற லெகோலாஸைக் கொண்டுவந்தார்கள். பெரிய நூலில் வெட்டியதால் வந்த சிக்கல் இங்கே ஊதியதால் வந்தது. நூலின் விளையாட்டுத்தனமான கதைசொல்லிக் குரல் அந்த ஆரவாரத்தில் காணாமல் போய்விடுகிறது. தங்கள் மகளின் வயதுக்கு அது ஒரு வார இறுதியில் முடித்துவிடக்கூடிய நூல். பெரிய நூலில் அவள் மீண்டும் தேங்கினால், இடையில் அதைக் கையில் கொடுத்துப் பாருங்கள்.