சூரியனைத் திருத்தினான், என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை

அன்புள்ள டாக்டர் அம்மாவுக்கு,

எனக்கு 30 வயது. ஊர் தரங்கம்பாடி. பொறையாறில் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். பெயர் மட்டும் போட வேண்டாம்.

இரண்டு வருடமாக ஒரு செயலியில் தொடர்கதை எழுதுகிறேன். இப்போது போய்க்கொண்டிருப்பது, சின்ன வயதிலிருந்து நண்பர்களாக இருக்கும் இருவர் காதலர்களாகும் கதை. எங்கள் ஊர்தான் களம். டேனிஷ் கோட்டை, கடலை ஒட்டி நிற்கிற மாசிலாமணிநாதர் கோயில், அலைக்குத் தடுப்பாகக் கொட்டிய கருங்கல் எல்லாம் அதில் வரும். "அடுத்த யுடி (அடுத்த பகுதி) எப்போ அக்கா?" என்று தினமும் கேட்கிறார்கள்.

கதையின் நாயகன் என் நண்பன்தான். மறைத்து என்ன ஆகப்போகிறது? ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பள்ளி. அவன் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறான். நான் எதை எழுதினாலும் முதலில் படிப்பவன் அவன். இந்தக் கதையையும் அத்தியாயம் அத்தியாயமாக அவனுக்குத்தான் முதலில் அனுப்பினேன்.

அவன் என்ன செய்தான் தெரியுமா? திருத்தம் சொன்னான். திருத்தம் மட்டும். கார்த்திகை மாதத்தில் கச்சான் காற்று வீசுவதாக எழுதியிருந்தேன். "அது வாடைக் காலம், அப்போது ஏது கச்சான்?" என்றான். மே மாதத்தில் நாயகன் விசைப்படகில் கடலுக்குப் போவதாக எழுதினேன். "மீன்பிடித் தடைக்காலத்தில் உன் ஆளுக்கு மட்டும் கடலுக்குப் போக யார் டோக்கன் கொடுத்தது?" என்று சிரித்துக்கொண்டே ஒரு குரல் பதிவு அனுப்பினான். முன்பெல்லாம் இப்படிக் குரல் பதிவாவது வரும். இப்போது ஒற்றை வரிதான்.

22ஆம் அத்தியாயத்தை எழுத எனக்கு ஒன்பது நாள் ஆனது. கருங்கல் மேல் உட்கார்ந்து நாயகி தன் மனதைச் சொல்கிற இடம். அவள் பேசுவதெல்லாம் நான் அவனிடம் பேச நினைத்தது. எதிரே கடலில் சூரியன் இறங்குகிறது. அதைப் படித்துவிட்டு அவன் அனுப்பியது: "நம்ம கடலில் சூரியன் உதிக்கும், மறையாது. மறைவது கோட்டைக்குப் பின்னால்." அவ்வளவுதான். என்னைப் பற்றியோ தன்னைப் பற்றியோ ஒரு வார்த்தை சொல்லவில்லை.

(12ஆம் அத்தியாயம் வந்தபோது மட்டும் "தங்கச்சியை மட்டும் எடுத்துடு" என்றான். நாயகனுக்கு ஒரு துறுதுறு தங்கை வைத்திருக்கிறேன், யார் எதைச் சாப்பிட்டாலும் "எனக்கு?" என்று கேட்பாள். இரண்டு பேருக்கும் நடுவில் தூது போவதே அவள்தான், கதையே நகராது, எப்படி எடுப்பது? படிப்பவர்கள் அவளுக்கும் ஒரு ஜோடி வைக்கச் சொல்கிறார்கள். அவனுக்கு நிஜத்தில் ஒரு தங்கை இருந்தாள், சுனாமியில் போய்விட்டாள், அப்போது நாங்கள் நான்காம் வகுப்பு. கதையிலாவது அவள் இருக்கட்டும் என்று நல்ல மனதோடுதான் எழுதினேன். பெயரைக்கூட மாற்றிவிட்டேன்.)

இதில் சாதி விஷயம் வேறு இருக்கிறது. கதையில் ஒரே அத்தியாயத்தில் இரண்டு வீடும் சம்மதித்துவிடும். எங்கள் வீட்டில் அப்படி நடக்காது என்று எனக்குத் தெரியும். ஆனால் அவன் மனது தெரிந்தால்தானே நான் அப்பாவிடம் பேச முடியும்? இப்போது தடைக்காலம், கரையில்தான் இருக்கிறான். ஒரு நாளாவது வந்து, "ஏன் இப்படி எழுதினாய்?" என்று கேட்கலாம் இல்லையா? காற்றைத் திருத்தத் தெரிகிறது, படகைத் திருத்தத் தெரிகிறது, சூரியனைத் திருத்தத் தெரிகிறது. நான் சொன்னது மட்டும் அவனுக்குப் புரியவில்லையா? கடைசி அத்தியாயத்தை எழுதவே கை வரவில்லை. இவனுக்காகக் காத்திருக்கலாமா, அப்பா பார்க்கிற மாப்பிள்ளைக்குச் சரி என்று சொல்லிவிடலாமா?

இப்படிக்கு,
பெயர் வேண்டாத ஒரு வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

காற்று, படகு, சூரியன் மூன்றையும் இரண்டிரண்டு முறை எழுதியிருக்கிறீர்கள். அடைப்புக்குறிக்குள் ஒரே ஒரு முறை ஒரு குழந்தை வந்துபோகிறாள். நான் அவளைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

அவர் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை என்கிறீர்கள். மூன்று வார்த்தை சொல்லியிருக்கிறார்: தங்கச்சியை மட்டும் எடுத்துடு. மற்ற திருத்தங்களுக்கெல்லாம் காரணம் சொல்கிறவர் இதற்கு மட்டும் ஏன் காரணம் சொல்லவில்லை என்று யோசித்தீர்களா? காரணம் உங்களுக்குத் தெரியும் என்று நம்பியிருக்கிறார். இந்த உலகத்தில் அதை விளக்கிச் சொல்லத் தேவையில்லாத ஒரு ஆள் நீங்கள்தான் என்று நினைத்திருக்கிறார். நீங்களோ அதையும் கச்சான், வாடையோடு ஒரு திருத்தமாக எண்ணிக்கொண்டு, "கதை நகராது" என்று ஒதுக்கிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விட்டீர்கள்.

முன்பு சிரித்துக்கொண்டே குரல் பதிவு அனுப்பியவர் இப்போது ஒற்றை வரியில் நிறுத்திக்கொள்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். எப்போதிலிருந்து என்று எழுதவில்லை. கைபேசியில் மேலே போய்த் தேதியைப் பாருங்கள். 12ஆம் அத்தியாயத்துக்குப் பிறகுதான் என்று என் மனது சொல்கிறது. அது சரியாக இருந்தால், 22ஆம் அத்தியாயத்தை அவர் எந்த நிலைமையில் படித்திருப்பார்? ஒரு பக்கம் நீங்கள் மனதைத் திறக்கிறீர்கள். அதே கதையில் அவருடைய தங்கை வளர்ந்து பெரியவளாகி, கேலி பேசிக்கொண்டு நடமாடுகிறாள். முகம் தெரியாத பலர் அவளுக்கு மாப்பிள்ளை தேடுகிறார்கள். அவருக்கு எது கண்ணில் பட்டிருக்கும்? சூரியனைப் பற்றியாவது எழுதினாரே என்று எனக்குத் தோன்றியது.

உங்கள் மனதில் கெடுதல் துளியும் இல்லை என்பதை நம்புகிறேன். ஆனால் இதில் தவறு உங்கள் பக்கம்தான் அம்மா. நாயகனை அவரைப் போல எழுதியதில் எனக்குக் குறை இல்லை, அது உங்கள் அன்பு. அந்தக் குழந்தையின் சாவை அவரைக் கேட்காமல் நீங்கள் அழித்து எழுதியிருக்கக் கூடாது. பெயரை மாற்றினேன் என்கிறீர்கள். "எனக்கு?" என்பதை மாற்றவில்லையே. அந்த வீட்டில் அவளுடைய பெயரை விட அந்த ஒரு சொல்தான் அவளாக இருந்திருக்கும்.

இதைப் படித்து நீங்கள் அழுதால், உங்களுக்காகவும் கொஞ்சம் அழுங்கள். நான்காம் வகுப்பில் பார்த்த ஒரு பிள்ளையின் பேச்சு இத்தனை வருடம் கழித்தும் உங்கள் காதில் இருக்கிறது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அன்று பெற்றவர்களைக் கட்டிப்பிடித்துச் சொந்தக்காரர்கள் அழுதிருப்பார்கள். கூடப் பிறந்தவனையும் யாராவது மடியில் போட்டுக்கொண்டிருப்பார்கள். அவனோடு விளையாடப் போய் அந்தக் குட்டியையும் இழுத்துக்கொண்டு திரிந்த பள்ளிச் சிநேகிதிக்கு யார் துக்கம் விசாரித்திருப்பார்கள்? துக்கத்தில் உங்களுக்கென்று ஒரு இடம் யாரும் கொடுக்கவில்லை. அதனால்தான் நீங்களே ஒரு கதை கட்டி அதில் அவளைக் கொண்டுவந்து உட்கார வைத்தீர்கள் என்று நான் படிக்கிறேன். காதல் கதை எழுதுவதாக நினைத்துக்கொண்டு, பாதியை அவளுக்காகத்தான் எழுதியிருக்கிறீர்கள்.

நம் சங்கப் பாட்டில் கூடலைக் குறிஞ்சிக்கு வைத்தார்கள். கடற்கரைக்கு, நெய்தலுக்கு, இரங்கலை வைத்தார்கள். உங்கள் ஊருக்கு அது எவ்வளவு பொருத்தம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு டிசம்பரிலும் கடலில் பாலும் பூவும் விடுகிற ஊர்க்காரர் நீங்கள். அந்த ஊரில் ஒரு காதல் கதை எழுதலாம், அழகாக எழுதலாம். ஆனால் அந்த இரங்கலைத் தொடாமல் இந்த இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் நெருங்க வழியில்லை. கதையிலும் வழியில்லை, நிஜத்திலும் இல்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். காத்திருப்பதா என்று கேட்கிறீர்கள். எதற்குக் காத்திருக்கிறீர்கள்? நீங்கள் அவரிடம் இதுவரை எதுவும் கேட்கவில்லையே. சங்கத் தலைவி தோழியை அனுப்பினாள், நீங்கள் ஒரு நாயகியை அனுப்பியிருக்கிறீர்கள். அவளுக்கு அவர் பதில் சொல்ல முடியாது. இது ஒரு பரீட்சை என்று சொல்லாமலே வினாத்தாளை நீட்டிவிட்டு, விடை வரவில்லை என்று மாதக்கணக்கில் மனம் நோகிறீர்கள். ஆசிரியை நீங்கள், பிள்ளைகளிடம் இப்படிச் செய்வீர்களா?

அவர் திருத்திய மூன்றையும் இன்னொரு முறை பாருங்கள். நேரம் போகப் படிக்கிறவர் காற்றின் பெயரை நிறுத்திப் பார்ப்பாரா? தன் கடலையும் தன் தொழிலையும் நீங்கள் சரியாக எழுத வேண்டும் என்று அவருக்கு ஆசை. அது காதலா என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் இப்போதைக்குத் தெரிய வேண்டாம். ஆனால் உங்கள் எழுத்தை இவ்வளவு பொறுப்போடு படிக்கிற ஒரு மனிதர் மேல், புரியவில்லையா என்று கோபப்படுவது நியாயமாகப் படவில்லை.

அப்பா பார்க்கும் மாப்பிள்ளைக்குக் கோபத்தில் சரி சொல்லாதீர்கள், அது அந்த மூன்றாவது மனிதருக்கும் அநியாயம். சாதியைப் பற்றி உங்களுக்கு இருக்கும் பயம் நிஜமான பயம். ஆனால் அது நீங்கள் இருவரும் சேர்ந்து நின்று பேச வேண்டிய பேச்சு, இன்னும் அங்கே நீங்கள் வரவில்லை.

இரண்டு வாரம் யுடி வராது என்று ஒரு வரி போட்டுவிடுங்கள். அப்புறம் அவரை நேரில் போய்ப் பாருங்கள். வாட்ஸ்அப் வேண்டாம். கோட்டைப் பக்கம் எப்போதும் ஆள் இருக்கும், அங்கேயும் வேண்டாம். வலை பின்னிக்கொண்டிருக்கிற இடத்துக்குப் போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். 22ஆம் அத்தியாயத்தைப் பற்றி அன்று வாயே திறக்காதீர்கள். "கேட்காமல் எழுதிவிட்டேன்" என்று சொல்லுங்கள். அவள் பெயரைச் சொல்லுங்கள், கதையில் வைத்த பெயரை அல்ல, அவளுடைய சொந்தப் பெயரை. அவளை என்ன செய்யலாம் என்று அவரே சொல்லட்டும். எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுங்கள், கதை நகராவிட்டால் பரவாயில்லை. அவர் ஒன்றுமே பேசாமல் இருந்தாலும் எழுந்து வந்துவிடாதீர்கள்.

ஜூன் 14 வரை அவர் கரையில் இருப்பார். 15ஆம் தேதி படகு கிளம்பிவிடும், அதற்குள் போங்கள்.

அன்புடன்,
ஆலோசகர்