ரேடியோவை அணைத்த பையன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற வாரம் 'கிரவுன் ஹைட்ஸ்' என்ற 2004ஆம் ஆண்டுத் தொலைக்காட்சிப் படத்தைப் பார்த்தேன். நியூயார்க் நகரின் புரூக்ளினில், கிரவுன் ஹைட்ஸ் என்ற பகுதியில் 1991ல் கறுப்பின மக்களுக்கும் யூதர்களுக்கும் இடையே நடந்த கலவரத்துக்குப் பிறகு, இரு தரப்புப் பையன்களும் ராப் பாட்டு, நடனம், கூடைப்பந்து என்று நெருங்கி வருகிற கதை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கூடப் பார்த்த சக ஆசிரியரோ, "ரெண்டு உயிர் போன இடத்துல பந்து விளையாடினா எல்லாம் சரியாயிடுமா? நடந்ததைப் பூசி மெழுகற படம் இது" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைத் திரையிடலாம் என்று இருந்தேன். இப்போது தயக்கமாக இருக்கிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் நண்பர் கேட்டது நல்ல கேள்வி. பந்து விளையாடினால் எல்லாம் சரியாகிவிடாது. அங்கே ஆகவும் இல்லை. ஆனாலும் அந்தப் பந்து விளையாட்டை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. ஏன் என்று சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1991 ஆகஸ்ட் 19, மாலை. லுபாவிச் என்ற ஹசிடிக் (மதக் கட்டுப்பாடு மிகுந்த) யூதப் பிரிவின் தலைவரான ரெபே மெனாகெம் மெண்டல் ஷ்னியர்சன் கல்லறைக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். முன்னால் போலீஸ் கார். அவரோடு வந்த வண்டிகளில் கடைசிக் கார் இன்னொரு காரில் மோதி, நடைபாதையில் ஏறிவிட்டது. கயானாவிலிருந்து குடியேறிய குடும்பத்தின் பிள்ளை, 7 வயது கேவின் காட்டோ, அதில் சிக்கி இறந்தான். அவனுடைய உறவுக்காரச் சிறுமிக்குப் பலத்த காயம். கூட்டம் காரோட்டியை அடிக்க, அங்கு வந்து சேர்ந்த யூதத் தன்னார்வ ஆம்புலன்ஸை, காரில் வந்தவர்களை ஏற்றிக்கொண்டு கிளம்பச் சொன்னது போலீஸ். குழந்தைகளை நகராட்சி ஆம்புலன்ஸ் கொண்டுபோனது. ஆனால் தெருவில் பரவிய செய்தி வேறு: யூத ஆம்புலன்ஸ் யூதரை மட்டும் ஏற்றிக்கொண்டு, கறுப்புக் குழந்தையை விட்டுவிட்டுப் போய்விட்டது.

சுமார் மூன்று மணி நேரம் கழித்து, விபத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒருவரைச் சில இளைஞர்கள் சூழ்ந்துகொண்டார்கள். யாங்கெல் ரோசன்பாம், 29 வயது. யூத வரலாற்று ஆய்வுக்காக மெல்போர்னிலிருந்து வந்திருந்த மாணவர். கத்திக்குத்துப் பட்டு அன்றிரவே மருத்துவமனையில் இறந்தார். அதன் பிறகும் கலவரம் நாள்கணக்கில் நீடித்தது. பின்னால் நீதிமன்றம் என்று வந்தபோது, காரோட்டி மீது குற்றச்சாட்டே பதிவாகவில்லை. குத்தியதாகக் கைதான 16 வயதுப் பையனை 1992ல் நியூயார்க் நீதிமன்றம் விடுதலை செய்தது. அதே கொலை தொடர்பாக அவன் வேறொரு வழக்கில், மத்திய நீதிமன்றத்தில், தண்டனை பெற 1997 ஆகிவிட்டது. ஆக, இரண்டு துக்க வீட்டிலும் ஒரே எண்ணம்: நமக்கு நியாயம் கிடைக்கவில்லை.

இது தெரியாமல் அந்தப் படத்தைப் பார்த்தால் உங்கள் நண்பர் சொன்னதுபோலத்தான் தோன்றும்.

படத்தில் வரும் இரண்டு பெரியவர்களும் நிஜ மனிதர்கள். டேவிட் லேசர்சன், ஹசிடிக் யூத ஆசிரியர். ரிச்சர்ட் கிரீன், அந்தப் பகுதியின் கறுப்பின இளைஞர்களுக்காக ஓர் அமைப்பை நடத்திவந்தவர். கலவரத்துக்குப் பிறகு இவர்கள் தொடங்கியதுதான் 'பிராஜெக்ட் கியூர்'. இரு தரப்புப் பையன்களையும் உட்காரவைத்துப் பேசச் சொல்வது, சேர்ந்து கூடைப்பந்து ஆடவைப்பது. அப்புறம் பாட்டும் சேர்ந்துகொண்டது.

ஏன் கூடைப்பந்து? இங்கேதான் நாம் நின்று யோசிக்க வேண்டும். 1960களின் கடைசியில் வெள்ளையர்கள் பலரும், யூதர்கள் உட்பட, கிரவுன் ஹைட்ஸை விட்டுப் புறநகருக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ரெபே தன் ஆட்களைப் போகக்கூடாது என்றார். அவர்கள் தங்கிவிட்டார்கள். கரீபியத் தீவுகளிலிருந்து வந்த கறுப்பின மக்கள் பெரும்பான்மையாகிவிட்ட இடத்தில், அடுத்தடுத்த வாசல்களில் இருபது வருஷத்துக்கு மேல் சேர்ந்தே இருந்தார்கள். ஆனால் நட்பு வளர்வதற்கு நாம் சாதாரணமாக நினைக்கிற வழி எதுவுமே அங்கே கிடையாது. ஹசிடிக் வீட்டுப் பிள்ளை கோஷர் (யூத மத உணவு விதி) பின்பற்றாத சமையலறையில் ஒரு வாய் சாப்பிட முடியாது. பள்ளிக்கூடம் வேறு. வெள்ளி சாயங்காலம் முதல் சனி இரவு வரை ஓய்வுநாள், அதற்கு ஏகப்பட்ட கட்டுப்பாடு. கல்யாண உறவு என்ற பேச்சே இல்லை. பக்கத்து வீட்டுக்காரன் என் வீட்டில் எதுவும் சாப்பிட மாட்டேன் என்றால், அது அவனுடைய மத விதி என்று ஒரு பையனுக்கு யார் சொல்லித்தருவார்கள்? தன்னை அசிங்கமாக நினைக்கிறான் என்றுதானே எடுத்துக்கொள்வான்?

பந்து விளையாட ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிட வேண்டியதில்லை. அந்த இரண்டு பேரும் தேடிக் கண்டுபிடித்த, இரு தரப்புக்கும் திறந்திருந்த வாசல் அது. அந்த விவரத்துக்காகவே எனக்கு லேசர்சன் மீதும் கிரீன் மீதும் பெரிய மரியாதை உண்டு.

படத்தின் குறை வேறு இடத்தில் இருக்கிறது. துக்க வீடுகளை அது சீக்கிரம் கடந்துவிடுகிறது. பையன்கள் மேடையேறியதும் இசை நம்மை நிம்மதிப்படுத்திவிடுகிறது. போலீஸ் யாருக்குக் காவலாகப் போகிறது, யார் பேச்சை நகராட்சி கேட்கிறது என்ற கறுப்பின மக்களின் நெடுநாள் கேள்விகளும், தெருவில் ஹிட்லர் வாழ்க என்ற கோஷத்தைக் கேட்ட யூதர்களின் நடுக்கமும் அந்த இசைக்கு அடியில் போய்விடுகின்றன. உங்கள் நண்பருக்கு உறுத்தியது இதுவாகத்தான் இருக்கும்.

அவருக்கு இன்னொரு படத்தைக் காட்டுங்கள். அன்னா டேவெர் ஸ்மித் என்ற கறுப்பின நாடகக் கலைஞர் கலவரம் ஓய்ந்த கொஞ்ச நாளிலேயே டேப் ரெக்கார்டரோடு அங்கே போனார். ரபிகள் (யூத மதகுருக்கள்), இல்லத்தரசிகள், பாதிரியார்கள், தெருப் பையன்கள் என்று பலரிடமும் பேசினார். அவர்கள் சொன்னதை, திக்கல் திணறல் உட்பட அப்படியே, தானே ஒவ்வொருவராக மாறி நடித்தார். 'ஃபயர்ஸ் இன் த மிரர்' 1992ல் நாடகமாக வந்தது, 1993ல் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சிக்காகப் படமானது. ஒரு தொப்பி, ஒரு சால்வை, ஒரு கண்ணாடி. ஆள் மாறிவிடுகிறார்.

அதில் யாரும் யாரோடும் பேசுவதில்லை. ஒவ்வொருவரும் நம்மிடம் மட்டும் பேசிவிட்டுப் போகிறார்கள். அந்த ஊரின் நிலைமையே அதுதான். ஆனால் இத்தனை பேரும் வந்து தங்குவது ஒரே பெண்ணின் உடம்பில். முதல் முறை பார்த்தபோது இது உறைக்கவே எனக்குப் பாதிப் படம் ஆனது. ரபியின் குரலும் கேவின் அப்பாவின் குரலும் ஒரே தொண்டையிலிருந்து வருகின்றன. சமரசம் பேசாமலே ஒரு படம் இவ்வளவு தூரம் போக முடியும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

அதிலும் ரிச்சர்ட் கிரீன் வருகிறார். ஹிட்லர் பெயரைச் சொல்லிக் கத்திய பையன்களில் பலருக்கு ஹிட்லர் யாரென்றே தெரியாது என்கிறார். அவர்கள் செய்ததை நியாயப்படுத்த அல்ல, அவர்களுக்குள் இருக்கும் கோபத்தைச் சொல்ல. 2004 படத்தில் வரும் கிரீனை நீங்கள் புரிந்துகொள்ள, இந்தக் கிரீனைக் கேட்டிருக்க வேண்டும். கடைசியில் வருபவர் கேவினின் தந்தை கார்மல் காட்டோ. கோபமும் சந்தேகமும் துளியும் குறையவில்லை. கால் முதலில் வந்து பிறந்தவன் நான், என்னை யாரும் அடக்கிவிட முடியாது என்கிறார். படம் அந்த மனிதரோடு முடிந்துவிடுகிறது. யாரும் வந்து அவரைத் தழுவிக்கொள்வதில்லை.

நட்பைக் காட்டும் படங்களில் எனக்கு ஒவ்வாத வகை ஒன்று உண்டு. 'டிரைவிங் மிஸ் டெய்சி'யை நிறையப் பேர் இந்த வரிசையில் சொல்வார்கள். அட்லாண்டாவின் யூதக் கோயிலில் 1958ல் குண்டு வெடித்த நிஜச் சம்பவம் அதில் வருகிறது. காரை ஓட்டுகிற கறுப்பின முதியவர், சிறுவயதில் தான் கண்ட ஒரு கொலையைப் பின்சீட்டில் இருக்கும் யூத அம்மாளிடம் சொல்கிறார். நல்ல காட்சி. ஆனால் ஒருவர் சம்பளம் கொடுப்பவர், ஒருவர் வாங்குபவர். அந்த நட்பில் பொறுத்துப்போகும் வேலை முழுக்க ஒருவர் தலையில். கிரவுன் ஹைட்ஸ் பையன்களுக்குள் அப்படி இல்லை, இரண்டு பேரும் ஒரே மைதானத்தில் வியர்க்கிறார்கள். (ஒரு விஷயம்: 'கிரவுன் ஹைட்ஸ்' என்ற பெயரிலேயே 2017ல் வேறொரு படம் வந்தது. செய்யாத கொலைக்காகச் சிறையிலிருந்த ஒருவரின் கதை. திரையிடும் முன் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.)

பல வருஷம் கழித்து கார்மல் காட்டோவும், யாங்கெலின் அண்ணன் நார்மன் ரோசன்பாமும் சந்தித்துக்கொண்டார்கள். தம்பிக்கு நியாயம் கேட்டு மெல்போர்னுக்கும் நியூயார்க்குக்குமாக அலைந்தவர் நார்மன். பிள்ளையைப் பறிகொடுத்தவரும் தம்பியைப் பறிகொடுத்தவரும் எதிரெதிரே உட்கார்ந்தபோது முதல் வார்த்தையை யார் பேசியிருப்பார்கள்? நான் பார்க்க ஏங்கும் படம் அது.

சரி, உங்கள் வகுப்புக்கு வருகிறேன். 2004 படத்தைக் காட்டுங்கள், தயங்க வேண்டாம். ஆனால் அதற்கு முன்னால் ஸ்மித்தின் படத்திலிருந்து ஒரே ஒரு காட்சியைக் காட்டுங்கள். சில நிமிடம்தான்.

ஒரு லுபாவிச் பெண் பேசுகிறார். ஓய்வுநாளில் மின்கருவி எதையும் போடவோ அணைக்கவோ கூடாது. வீட்டுக் குழந்தை ரேடியோவைத் திருகிவிட்டது. அது அலறுகிறது. குடும்பமே கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. வேற்று மதத்தவரிடம் 'அணைத்துவிடு' என்று நேராகக் கேட்கவும் விதி இல்லை. வெளியே போய்த் தெருவில் கண்ணில் பட்ட ஒரு கறுப்பினச் சிறுவனைக் கூட்டிவருகிறார். ரேடியோ சத்தமாக இருக்கிறது என்று மட்டும் சொல்கிறார். அவன் பொத்தானை அழுத்துகிறான். அமைதி. இந்த யூதர்களுக்கு ரேடியோவை அணைக்கக்கூடத் தெரியவில்லை என்று அவன் நினைத்திருப்பான் என்று சொல்லி அந்தப் பெண் சிரிக்கிறார்.

பிள்ளைகளும் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும், அந்தப் பையன் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் என்ன சொல்லியிருப்பான் என்று எழுதச் சொல்லுங்கள். அப்புறம் படத்தைப் போடுங்கள்.