டைரியில் விட்டுப்போன வரி

கேள்வி:

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) முதலாமாண்டு மாணவி. பாலக்கோடு பக்கம் கிராமம். எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான். வாரத்தில் வியாழன், வெள்ளி இரண்டு நாளும் ஃபீல்டு ஒர்க். பென்னாகரம் பக்கம் ஒரு தொண்டு நிறுவனத்தில் போட்டிருக்கிறார்கள். இரண்டு மாதமாக மகளிர் குழுப் பதிவேடுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதுதான் வேலை. அங்கே இருக்கும் சார் எப்போதும் மீட்டிங்கில் இருப்பார். கல்லூரி மேடம் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டுத் தருவார், படித்த மாதிரித் தெரியவில்லை.

மூன்று வாரத்துக்கு முன் முதல்முறையாக ஒரு வீட்டுக்குத் தனியாக அனுப்பினார்கள். அந்த அக்காவின் வீட்டுக்காரர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவர், ஐந்து மாதமாகப் பணம் அனுப்பவில்லை. "பத்தாவது படிக்கிற பெரியவளை வர்ற தையில எங்கண்ணன் பையனுக்குக் கட்டிக் குடுத்துட்டா ஒரு சுமை குறையும்" என்று சொல்லி அழுதார். நானும் அழுதுவிட்டேன். கையில் இருந்த 500 ரூபாயைக் கொடுத்தேன். "யாருகிட்டயும் சொல்லிறாத பாப்பா" என்றார். "வீட்டுக்குச் சென்று குடும்பச் சூழலைக் கேட்டறிந்தேன்" என்று மட்டும் டைரியில் எழுதினேன். கையெழுத்தும் ஆகிவிட்டது. தோழிகளிடம் சொன்னேன், "இதுக்கே அழுதா இந்தப் படிப்புக்கு நீ லாயக்கில்ல" என்று சிரித்தார்கள். அப்பா வேறு "ஊர் சுத்துறதுக்கா காலேஜ்?" என்கிறார். நிறுத்திவிடலாமா அம்மா?

– பெயர் வேண்டாம், தர்மபுரி மாவட்டம்

பதில்:

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கைக்கு வந்த அன்றே அதில் இருந்த எண்ணில் உன்னைக் கூப்பிட்டுப் பேசினேன். இந்தப் பதில் அச்சாகி வரும்வரை காத்திருக்கிற விஷயம் இல்லை அது. நாம் பேசியதை எழுதலாம் என்று நீ சம்மதித்ததால், ஊரையும் அடையாளத்தையும் மாற்றி இங்கே எழுதுகிறேன். உன்னைப்போல டைரியோடு பஸ் ஏறுகிற பிள்ளைகள் தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

நீ கேட்டது உன் அழுகையைப் பற்றி. நான் உன் கடிதத்தைக் களப்பணி ரிப்போர்ட்டைப் படிப்பதுபோலப் பென்சிலோடு படித்தேன். நீ அழுத இடத்தில் என் பென்சில் நிற்கவில்லை. "பத்தாவது படிக்கிற பெரியவளை வர்ற தையில" என்ற இடத்தில் நின்றது. பத்தாவது என்றால் பதினைந்து வயது. அதைச் சொன்ன கையோடு நீ 500 ரூபாய்க்குப் போய்விட்டாய். உன்னைக் குறை சொல்லவில்லை. அண்ணன் மகனுக்குக் கொடுப்பது, பரிசம் போட்டு வைப்பது எல்லாம் நம் ஊர்களில் காதுக்குப் பழகிய பேச்சு. நீயும் அதைக் கேட்டுத்தான் வளர்ந்திருப்பாய். பழகிய காது எதைத் தவறவிடுகிறது என்று எடுத்துக் காட்டத்தான் களப்பணியில் சூப்பர்வைசர் என்று ஒருவரை வைத்திருக்கிறார்கள். அந்த ஒருவர் உனக்குக் கிடைக்கவில்லை. உன் கஷ்டத்துக்கு நான் காண்கிற காரணம் அதுதான்.

1990களின் தொடக்கத்தில் நானும் உன்னைப்போல அரூர் பக்கம் ஒரு கிராமத்துக்குப் பயிற்சிக்குப் போனேன். மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்த வீடு. அந்தக் காலத்தில், இந்த மாவட்டத்தில், அதற்கு என்ன அர்த்தம் என்று பெரியவர்களுக்குத் தெரியும். பெண் சிசுக்கொலையைத் தடுக்கச் சேலத்தில் 1992இல் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் தர்மபுரிக்கு 2001இல்தான் வந்தது. அந்தத் தாய் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ பேசிவிட்டு வந்து, "தாயாருக்கு ஆறுதல் கூறினேன்" என்று டைரியில் எழுதினேன். மறுநாள் என் சூப்பர்வைசர் அந்த வரியின் கீழே சிவப்பு மையில் கோடு போட்டு, "என்ன வார்த்தை சொல்லி?" என்று ஓரத்தில் எழுதியிருந்தார். "எல்லாம் சரியாயிடும்னு சொன்னேன் மேடம்" என்றேன். "சரியாகும்னு உனக்கு எப்படித் தெரியும்? அவ என்ன பதில் சொன்னா?" என்றார். பதிலே சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. "பிள்ளைக்குப் பால் குடுத்தாளா? பார்த்தியா?" என்று கேட்டார். நான் பார்க்கவில்லை. அன்று மத்தியானமே கிராமச் செவிலியரையும் கூட்டிக்கொண்டு என்னோடு பஸ் ஏறினார். நாங்கள் போனபோது குழந்தை உயிரோடு, பாட்டியின் மடியில் அழுதுகொண்டிருந்தது. அடுத்த ஒரு மாதம் வாரத்துக்கு மூன்று முறை அந்த வீட்டுக்குப் போனோம்.

"என்ன வார்த்தை சொல்லி?" என்ற அந்த ஒரு கேள்வியில் நான் கற்றதை எந்தப் பாடப் புத்தகத்திலும் கற்கவில்லை. அந்தக் கேள்வி உனக்குக் கிடைக்க வேண்டும் என்றுதான் இவ்வளவும் எழுதுகிறேன்.

அந்தப் பெண் விஷயத்தில் போனில் உன்னிடம் சொன்னதை மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன். 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி 18 வயதுக்கு உட்பட்ட பெண்ணின் திருமணத்தை நடத்தி வைப்பவர்களுக்கும் உடந்தையாக இருப்பவர்களுக்கும் இரண்டு ஆண்டுவரை சிறையும், ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதமும் உண்டு. பெண்களுக்குச் சிறைத் தண்டனை இல்லை என்றும் அதே சட்டம் சொல்கிறது. இதைத் தெரிந்து வைத்துக்கொள். "அம்மாவை ஜெயில்ல போட்டுருவாங்களா?" என்பதுதான் எந்த வீட்டிலும் பிள்ளைகள் கேட்கிற முதல் கேள்வி. நம் மாநிலத்தில் மாவட்ட சமூக நல அலுவலர்தான் இதற்கான தடுப்பு அலுவலர். நாள் குறித்துவிட்டார்கள் என்றால் நடுவர் நீதிமன்றத்தில் தடையுத்தரவு வாங்க முடியும். குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு யார் வேண்டுமானாலும், எந்த நேரத்திலும் கூப்பிடலாம்.

ஆனால் நமக்குத் தை வரை நாள் இருந்தது. அதனால் முதல் வேலையாக உன் கல்லூரி மேடத்திடமும் நிறுவனத்து சாரிடமும் அன்றைக்கே நேரில் சொல்லச் சொன்னேன். மறுநாளுக்குள் அவர்கள் அசையாவிட்டால் நீயே 1098க்குப் பேசு என்றேன். நீ சொன்னாய், அவர்களும் அசைந்தார்கள். "மேடம் என் டைரியை முதல் தடவையா முழுசாப் படிச்சாங்கம்மா" என்று நீ திரும்பக் கூப்பிட்டுச் சொன்னபோது உன் குரல் வேறாக இருந்தது.

"யாருகிட்டயும் சொல்லிறாத" என்றாரே, அந்த நம்பிக்கையை உடைத்துவிட்டேனே என்று நீ தவித்தாய். சமூகப்பணியாளர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று பீஸ்டெக் எழுதிய ஏழு கொள்கைகளைப் பரீட்சைக்குப் படித்திருப்பாய். ரகசியம் காப்பதும் அதில் ஒன்று. ஆனால் ஒரு குழந்தைக்குக் கெடுதல் வரும் இடத்தில் அந்த ரகசியத்துக்கு எல்லை உண்டு. அதை வீட்டுக்குள் நுழைந்து பேசத் தொடங்கும்போதே சொல்லிவிட வேண்டும். "அக்கா, நீங்க சொல்றதை ஊர்ல யார்கிட்டயும் பேச மாட்டேன். ஆனா பிள்ளைங்களுக்கு ஆபத்துன்னா எங்க மேடம்கிட்ட சொல்லித்தான் ஆகணும்" என்று முன்பே சொல்லியிருந்தால் உனக்கு இந்தத் தவிப்பு வந்திருக்காது. உன்னை வீட்டுக்கு அனுப்பும் முன் இதைச் சொல்லித் தந்திருக்க வேண்டும். இரண்டு மாதம் பதிவேடு ஏற்றிய பிள்ளையை, முன்பேச்சு ஒன்றும் இல்லாமல் தனியாக ஒரு வீட்டுக்கு அனுப்பியது தவறு. அதை அழுத்தியே சொல்கிறேன்.

இனி உன் அழுகை. ஒரு பெண் எதிரில் உட்கார்ந்து தன் வாழ்க்கையைச் சொல்லி அழும்போது கண் கலங்காதவர்களை நான் பயிற்சியில் பார்த்திருக்கிறேன். அவர்களை நினைத்துத்தான் நான் அதிகம் கவலைப்பட்டேன். உன் தோழிகள் சிரித்தார்கள் என்றால், அவர்களுக்கும் இதைப் பேச இடம் கிடைக்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. அழுதது குற்றமில்லை. அழுத நேரத்தில் உன் கண் உன்மேலேயே திரும்பிவிட்டது, அதனால் பெரியவள் உன் பார்வையிலிருந்து மறைந்துபோனாள். அந்தப் பெண் அப்போது வீட்டில் இருந்தாளா? பள்ளிக்கூடம் போகிறாளா, நின்றுவிட்டாளா? அவளுக்கு இந்தப் பேச்சு தெரியுமா? உன் கடிதத்தில் இது எதுவும் இல்லை. உணர்ச்சியை அளவோடு வைத்துக்கொள் என்று சொல்வது இதற்காகத்தான். மனசைக் கல்லாக்கிக்கொள் என்று யாரும் சொல்லவில்லை.

500 ரூபாயைத் திருப்பிக் கேட்க வேண்டாம். இனிமேல் கொடுக்கவும் வேண்டாம். பணம் கொடுத்த வீட்டில் அடுத்த வாரம் உனக்கு வரவேற்பு மாறும். ஒன்று, கடன்பட்டவர்போலக் கூச்சப்பட்டு ஒளிவார்கள். இல்லாவிட்டால் அடுத்த 500க்கு எதிர்பார்ப்பார்கள். இரண்டிலும் மனம்விட்டுப் பேச முடியாமல் போகும். அந்த அக்காவுக்கு மகளிர் உரிமைத் தொகை மாதம் 1000 ரூபாய் வருகிறதா என்று நீ கேட்டாயா? 2023 செப்டம்பரில் தொடங்கிய திட்டம் அது. விண்ணப்பம் விட்டுப்போயிருக்கலாம், வங்கிக் கணக்கில் சிக்கல் இருக்கலாம். வீட்டுக்காரர் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருக்கிறாரா? பெரியவள் அரசுப் பள்ளியில் படிக்கிறவள் என்றால், கல்லூரிக்குப் போகும்போது புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். "சுமை" என்று சொல்கிற தாயிடம் இதைப் பேசிப் பார். சட்டத்தைச் சொன்னால் முகம் திருப்புகிறவர்கள் இந்தப் பேச்சுக்குக் காது கொடுப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பதிவேட்டு வேலையைப் பற்றி ஒரு வார்த்தை. நாட்டில் பேசப்படுகிற தமிழ்நாட்டு மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு இந்தத் தர்மபுரி மாவட்டத்தில்தான் தொடங்கின. நீ உட்கார்ந்திருப்பது அந்தக் கணக்குக்கு முன்னால். சேமிப்புப் பத்தியில் யாருக்கு மூன்று மாதமாகக் கோடு போட்டிருக்கிறது, கூட்டத்துக்கு யார் கைநாட்டு நின்றுபோயிருக்கிறது என்று பார். அந்த அக்காவின் பெயருக்கு நேரே ஐந்து மாதமாக வெறும் கட்டம் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அவர் வீட்டுக்கு எப்போதோ போயிருக்க வேண்டும் என்று அந்தப் பக்கமே சொல்லியிருக்கும். ஆனால் இரண்டு மாதமும் தட்டச்சு மட்டுமே என்றால் அது களப்பயிற்சி ஆகாது. மேடத்திடம் அதைச் சொல்லவும் தயங்காதே.

எப்படிச் சொல்வது என்று கேட்டாய். "சார் சொல்லித் தர மாட்டேங்கிறார்" என்று போனால் அது புகாராகிவிடும். டைரியை மாற்றி எழுது. அந்த வீட்டில் நடந்ததை நாடகம்போல எழுது: அவர் என்ன சொன்னார், நீ என்ன சொன்னாய், எப்போது பேச்சு நின்றது, உனக்கு உள்ளே என்ன ஓடியது. நான்கு பக்கம் வரும். கடைசியில் இரண்டு கேள்வி எழுது: "ரகசியம் கேட்டவரிடம் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? அடுத்த வியாழன் எங்கிருந்து தொடங்குவது?" அதை எடுத்துக்கொண்டு போய், "மேடம், இந்த வாரம் ஐ.சி.க்கு அரைமணி நேரம் வேண்டும்" என்று நாள் கேள். ஐ.சி. என்கிற தனிச் சந்திப்பும் குழுச் சந்திப்பும் உன் படிப்பின் பகுதி. களப்பணிக்கு மதிப்பெண் இருப்பதுபோல அதற்கும் நேரம் இருக்க வேண்டும். இருபது முப்பது மாணவர்களின் டைரி மேசையில் குவிந்திருக்கும்போது எல்லாம் "கேட்டறிந்தேன், விழிப்புணர்வு ஏற்படுத்தினேன்" என்றே இருந்தால், நல்ல ஆசிரியருக்கும் கண் அயர்ந்துவிடும். கேள்வியோடு வருகிற டைரியைக் கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தர முடியாது.

அப்பாவிடம் ஒன்று சொல். 1936இல் மும்பையில் இந்தியாவின் முதல் சமூகப்பணிப் பள்ளி தொடங்கியது, 1952இல் சென்னையிலும் வந்தது. வார்டுக்குப் போகாமல் டாக்டர் ஆக முடியாததுபோல, ஊருக்குப் போகாமல் இந்தப் படிப்பு இல்லை. முடிந்தால் ஒரு நாள் அப்பாவை அந்த நிறுவனத்துக்குக் கூட்டிப் போய்க் காட்டு. பஸ் எங்கே நிற்கிறது, மகள் யாரோடு வேலை செய்கிறாள் என்று பார்த்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

படிப்பை நிறுத்தாதே. அடுத்த வியாழன் மேடத்தோடு அந்த வீட்டுக்குப் போகிறாய் என்று சொன்னாய். அந்த அக்கா கதவைத் திறக்காமல் போகலாம். திறந்தால், "உன்னை நம்பித்தானே சொன்னேன்" என்று கேட்பார். அவருக்கு அப்படிக் கேட்க உரிமை இருக்கிறது. சட்டம் பேசாதே, நியாயம் சொல்லாதே. திண்ணையில் உட்கார். "ஆமாக்கா, சொன்னேன். உங்க பொண்ணுக்காகத்தான் சொன்னேன். நீங்க கோபப்படுங்க, நான் கேக்கிறேன்" என்று சொல். பெரியவள் வாசலில் நின்றால் அவளிடமும் ஒரு வார்த்தை பேசு, கணக்குப் பரீட்சை எப்போது என்றாவது கேள். திரும்பி வரும் பஸ்ஸிலேயே, மறப்பதற்கு முன்னால், அவர்கள் சொன்னதை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே டைரியில் எழுதிவிடு.